வெண்ணெய் மீயில் என்ன கோளாறு? குறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

கோழிப் பிரட்டல் அடுப்பில் தயாராகிவிட்டது. சோறு வடிக்க நேரமில்லை. இருபது நிமிடத்துக்குள் பக்கத்தில் வைக்க ஒன்று வேண்டுமென்றால் வெண்ணெய் மீயை, அதாவது வெண்ணெயில் புரட்டிய நூடுல்ஸைப் போல் கைகொடுப்பது வேறில்லை. மேல்நாட்டு வீடுகளில் முட்டை நூடுல்ஸை வேகவைத்து, வெண்ணெயில் புரட்டி, சுட்ட இறைச்சிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அதையே கோலாலம்பூரில் நம் அடுப்பில் செய்யும்போது ஓர் இணுக்குக் கறிவேப்பிலையும் சில்லி பாடி என்னும் சிறு காரமிளகாய் ஒன்றும் சேர்த்தால் பிரட்டலுக்கும் வறுவலுக்கும் சம்பலுக்கும் அருமையாகப் பொருந்துகிறது.

சாமான் மிகக் குறைவு. மீ, வெண்ணெய், உப்பு, மிளகு, இரண்டு பல் பூண்டு. அதனால்தான் சிறு பிழையும் உடனே நாக்கில் தெரிந்துவிடுகிறது. மூடி மறைக்க மசாலா இல்லை. கீழே ஒவ்வொரு குறியாக எடுத்துக்கொண்டு, அது ஏன் வருகிறது, இப்போது தட்டில் இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது, அடுத்த முறை எதை மாற்றுவது என்று எழுதியிருக்கிறேன். உங்கள் தட்டில் தெரியும் குறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெண்ணெய் மீ கெடும்போது எல்லோரும் வெண்ணெயைத்தான் சந்தேகிக்கிறார்கள். முக்கால்வாசிக் கோளாறு தண்ணீரில் இருக்கிறது.

அளவும் செய்முறையும்

நான்கு பேருக்குப் பக்க உணவாக உலர்ந்த முட்டை மீ 200 கிராம் போதும். தண்ணீர் ஒன்றரை லிட்டர், உப்பு இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் 12 கிராம். வெண்ணெய் 50 கிராம். கடையில் வாங்கும் 250 கிராம் கட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அதைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் குளிர்பெட்டியிலேயே வைத்திருங்கள். பூண்டு, கறிவேப்பிலை, பொடித்த மிளகு கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

உப்பிட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மீயைப் போட்டு, பொட்டலத்தில் குறித்திருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே இறக்க வேண்டும். வடிப்பதற்கு முன் ஒரு கோப்பை வடிநீரை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். குவாலியில் (குழிந்த வாணலியில்) ஒரே ஒரு துண்டு வெண்ணெயைப் போட்டுப் பூண்டையும் கறிவேப்பிலையையும் வாசம் எழும்வரை வதக்கி, 100 மில்லி லிட்டர் வடிநீரை ஊற்றுங்கள். அது கொதித்ததும் மீயைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள். தீயை அணைத்துவிட்டு, மீதி வெண்ணெய்த் துண்டுகளைச் சில்லென்றே சேர்த்து விடாமல் புரட்டினால், மீயின் மேல் பால் நிறத்தில் மெல்லிய பூச்சு ஏறும். மிளகைத் தூவி உடனே பரிமாறுங்கள்.

தட்டின் அடியில் எண்ணெய் தேங்குகிறது, மீயோ வறண்டு கிடக்கிறது

அதிகம் பேர் சொல்லும் குறை இதுதான். தட்டைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். அடியில் ஓடி வருவது கண்ணாடி போல் தெளிந்த மஞ்சள் திரவமாக இருந்தால் வெண்ணெய் பிரிந்துவிட்டது என்று பொருள். வெண்மை கலந்து, சற்றே கெட்டியாக, மெதுவாக நகர்ந்தால் கோளாறு இல்லை. வடிநீர் ஒரு கரண்டி கூடிவிட்டது, அவ்வளவே. ஒரு நிமிடத்தில் மீ அதை உறிஞ்சிக்கொள்ளும்.

வெண்ணெய் பிரிவது ஏன்? வெண்ணெய் முழுக்கக் கொழுப்பன்று. அதில் 80 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கொழுப்பு, சுமார் 16 விழுக்காடு நீர், மீதி பாலின் புரதமும் சர்க்கரையும். கட்டியாக இருக்கும்போது நீர்த்துளிகள் கொழுப்புக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அதைத் தனியாக உருக்கினால் அந்தக் கட்டு அவிழ்ந்து, கொழுப்பு மேலே, நீர் கீழே என்று பிரிந்துவிடும். பிரிந்த கொழுப்பு வெறும் எண்ணெய். ஈர மீயின் மேல் அது நிற்காது, வழுக்கித் தட்டுக்கு வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் வடிநீர் வேலை செய்கிறது. மீ வேகும்போது அதிலிருந்து மாவுச்சத்து நீரில் கரைகிறது. அந்தச் சத்துள்ள நீரில் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டு வேகமாகப் புரட்டினால் கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து நீருக்குள் பரவும்; மாவுச்சத்து அந்தத் துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கும். மீயைப் பூசுவது இந்தக் கலவை. வெண்ணெயை மட்டும் ஊற்றி அந்தப் பூச்சை எதிர்பார்த்தால் எத்தனை முறை செய்தாலும் வராது.

இப்போது பிரிந்து கிடப்பதைக் காப்பாற்றலாம். தட்டில் இருப்பதை மறுபடி குவாலிக்கு மாற்றி, சூடான வடிநீர் மூன்று மேசைக்கரண்டி ஊற்றி, அடுப்பு அணைந்த நிலையிலேயே அரை நிமிடம் வேகமாகப் புரட்டுங்கள். குவாலியைக் கொஞ்சம் தூக்கிக் குலுக்கினால் இன்னும் நல்லது. பெரும்பாலும் கண்ணெதிரேயே எண்ணெய்ப் பளபளப்பு மறைந்து பால் நிறம் வந்துவிடும்.

வடிநீரைக் கொட்டிவிட்டீர்களா? சோறு வடித்த கஞ்சி வீட்டில் இருந்தால் நான்கு மேசைக்கரண்டி சூடாக்கி ஊற்றுங்கள். அதிலும் இருப்பது மாவுச்சத்துதான். அதுவும் இல்லையென்றால் 100 மில்லி லிட்டர் குளிர்ந்த நீரில் அரைத் தேக்கரண்டி சோளமாவைக் கரைத்து, கொதிக்கவிட்டு, லேசாகக் குழைந்ததும் பயன்படுத்துங்கள். வெறும் வெந்நீர் மட்டும் உதவாது. ஊற்றிய நேரத்தில் கலந்தது போல் தெரியும், தட்டுக்குப் போனதும் பிரிந்துவிடும்.

அடுத்த முறை கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது வெண்ணெயின் குளிர்ச்சி. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் முழுதாக உருகிவிடும். பகல் நேரத்தில் கோலாலம்பூர்ச் சமையலறை அந்தச் சூட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. மேசையில் எடுத்துவைத்த கட்டி, நீங்கள் பூண்டு உரித்து முடிப்பதற்குள் பாதி உருகி ஓரத்தில் எண்ணெய் கசிந்திருக்கும். குளிர்நாட்டுச் சமையல் குறிப்புகளில் ‘அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்’ என்று எழுதியிருப்பதை நம் ஊரில் அப்படியே பின்பற்றக் கூடாது. கடைசி நொடி வரை அது குளிர்பெட்டியில் இருக்கட்டும்.

இரண்டாவது, மீயை வடித்ததும் ஒட்டாமல் இருக்கச் சமையல் எண்ணெய் ஊற்றும் பழக்கம். பிரட்டிய மீக்கு அது சரி. வெண்ணெய் மீக்கு அது பகை. எண்ணெய் பூசிய மீயில் வடிநீர்க் கலவை பற்றவே பற்றாது. குழாய்த் தண்ணீரில் அலசுவதும் அப்படியே. மேலிருக்கும் மாவுச்சத்து கழுவிப் போய்விடும். (மஞ்சள் மீக்கு இந்த விதி பொருந்தாது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.)

மூன்றாவது அளவு. 200 கிராம் உலர்ந்த மீக்கு 50 கிராம் வெண்ணெய் நல்ல அளவு. ஆசைக்கு 80 கிராம் வரை போகலாம், வடிநீரையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். அதற்கு மேல் போட்டால் ருசி கூடாது, திகட்டும்.

உடனடி மீயில் இதைச் செய்பவர்களுக்கு ஒரு சொல். கடைகளில் கிடைக்கும் உடனடி மீயில் பெரும்பாலானவை பாமாயிலில் பொரித்துக் காயவைத்தவை. வேகும்போதே எண்ணெய் நீரில் மிதப்பதைப் பார்க்கலாம். அதன்மேல் வெண்ணெயும் சேர்ந்தால் பிசுக்குதான் மிஞ்சும். அதைத்தான் பயன்படுத்தியாக வேண்டுமென்றால் வெந்த முதல் நீரைக் கொட்டிவிட்டு, சோளமாவுக் கரைசலோடு பாதி அளவு வெண்ணெய் சேருங்கள்.

சவர்க்காரம் போல ஒரு வாடை வருகிறது

நீங்கள் பயன்படுத்தியது மஞ்சள் மீ. பசாரில் பொட்டலமாகவும் கூடையிலிருந்து நிறுத்தும் விற்கும், ஒட்டுக்கடையில் மீ கோரேங்குக்கு, அதாவது காரமாகப் பிரட்டும் மீக்கு, போடும் அதே மீ. கோதுமை மாவோடு காரநீர் சேர்த்துப் பிசைவதால் அதற்கு அந்த மஞ்சளும் இழுவையும் வருகின்றன. காரநீரில் இருப்பவை முக்கியமாக சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும். மாவில் இயல்பாகவே உள்ள நிறமிகள் காரநீர் பட்டதும் மஞ்சளாகின்றன. பசைப்புரதம் (குளூட்டன்) இறுகி மீக்கு எதிர்த்துக் கடிக்கும் தன்மை வருகிறது. பல தயாரிப்புகளில் மஞ்சள் நிறமும் தனியாகச் சேர்ப்பதுண்டு.

மீ கோரேங்கில் இந்த வாடை தெரியாது. சம்பலும் கிச்சாப் என்னும் சோயா சாஸும் தக்காளியும் பெருந்தீயும் அதை அடித்துவிடும். வெண்ணெய் மென்மையான மணம் உள்ளது. காரநீரின் வாடையோடு சேர்ந்தால் இரண்டுமே கெடும். அதற்காக மஞ்சள் மீயை ஒதுக்க வேண்டியதில்லை. ஒழுங்காகக் கழுவினால் போதும்.

மஞ்சள் மீ ஏற்கெனவே வெந்தது, ஒட்டாமலிருக்க எண்ணெயும் பூசப்பட்டது. பெரிய பாத்திரத்தில் உப்பில்லாத தண்ணீரைக் கொதிக்கவைத்து, மீயைப் போட்டு அரை நிமிடம் கிளறி, உடனே வடித்து, குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசுங்கள். வடிந்த நீரைப் பாருங்கள்: மஞ்சளாக, மேலே எண்ணெய்ப் படலத்தோடு இருக்கும். அந்த வாடையின் பெரும்பகுதி அதில்தான் போகிறது. ஒரு மீயை எடுத்து முகர்ந்து பாருங்கள். இன்னும் வாடை இருந்தால் மறுபடி ஒரு முறை. அந்த நீரை வெண்ணெயோடு சேர்க்கவே கூடாது. மஞ்சள் மீக்கு மேலே சொன்ன சோளமாவுக் கரைசலையே பயன்படுத்துங்கள். உலர்ந்த மீ 200 கிராமுக்கு ஈடாக மஞ்சள் மீ ஒரு பொட்டலம், சுமார் 400 கிராம், எடுத்துக்கொள்ளலாம்.

தட்டில் வைத்த பிறகும் வாடை தெரிந்தால், லிமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சை ஒன்றைப் பிழிந்து புரட்டுங்கள். அதன் புளிப்பு மிச்சமிருக்கும் காரநீரைச் சமன்படுத்தும். பிரட்டலுக்குப் பக்கத்தில் அந்தப் புளிப்பு எடுப்பாகவும் இருக்கும்.

இந்த வாடையை ஊசிப்போன வாடையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விரலால் தொட்டால் கொழகொழவென்று நூல் இழுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ அந்த மீ கெட்டுவிட்டது. எத்தனை முறை அலசினாலும் அது உணவாகாது, குப்பைக்குத்தான். ஈரமான மீ நம் வெயிலில் வேகமாகக் கெடும். சௌ கிட் பசாரானாலும் பினாங்கில் சௌராஸ்தா பசாரானாலும் காலையில் போங்கள். ‘அண்ணே, இது இன்றைக்கு வந்த மீயா?’ என்று கேட்டு வாங்குங்கள். நல்ல வியாபாரி அந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். வாங்கியதை அன்றே சமைத்துவிடுங்கள்.

மீ ஒட்டிக் கட்டியாகிவிடுகிறது

வடித்த மீயை வடிகூடையிலேயே விட்டுவிட்டு, பிறகு பூண்டு உரிக்க உட்கார்ந்தால் இதுதான் நடக்கும். மேலிருக்கும் மாவுச்சத்து ஆறும்போது பசையாகிறது. ஐந்து நிமிடம் போதும், மீ வடிகூடையின் வடிவத்திலேயே ஒரே கட்டியாக வெளியே வரும். பூண்டு வதங்கி, குவாலியில் வடிநீர் கொதிக்கும்போதுதான் மீ வடிக்கப்பட வேண்டும். அதைவிட நல்லது, இடுக்கியால் கொதிநீரிலிருந்து நேராகக் குவாலிக்கு மாற்றிவிடுவது.

கட்டியான மீயைக் கரண்டியால் குத்திப் பிரிக்காதீர்கள். துண்டு துண்டாக உடையும். கொதிநீரை மேலே ஊற்றி இருபது நொடி விட்டு, இரண்டு முள்கரண்டியால் தூக்கித் தூக்கி உதறுங்கள். தானாகப் பிரிந்துவிடும்.

வேகும்போதே ஒட்டுகிறதென்றால் காரணம் வேறு. முதல் ஒரு நிமிடத்தில்தான் மீ ஒன்றோடொன்று ஒட்டும். அந்த ஒரு நிமிடம் கிளறாமல் விட்டிருப்பீர்கள், அல்லது தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே போட்டிருப்பீர்கள். வாடகை அறைகளில் சிறிய மின்னடுப்பில் சமைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். மீயைப் போட்டதும் கொதி அடங்கி, மறுபடி கொதிக்க மூன்று நான்கு நிமிடம் ஆகிறது. அவர்கள் 100 கிராமாக இரண்டு தடவை வேகவைக்கலாம், அல்லது மறுபடி கொதி வரும்வரை மூடி போட்டு, இடையிடையே திறந்து கிளறலாம்.

குழைந்துபோகிறது, அல்லது நடுவில் மாவாகவே இருக்கிறது

குழைவதற்குக் காரணம், மீ இரண்டு இடத்தில் வேகிறது என்பதை மறப்பது. பாத்திரத்தில் வேகும், பிறகு குவாலியிலும் வேகும். அதனால்தான் ஒரு நிமிடம் முன்பே எடுக்கச் சொன்னேன். குழைந்ததைத் திருப்ப வழியில்லை. அதை ஓர் அகலச் சட்டியில் பரப்பி, வெண்ணெயில் அடிப்பக்கம் பொன்னிறமாகும்வரை அசைக்காமல் முறுகவிட்டுத் தோசை போலத் திருப்பிப் போட்டால், வேறொரு நல்ல பதார்த்தமாக மேசைக்குப் போகும்.

நடுவில் மாவாக இருந்தால் வடிநீரில் இன்னும் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். கேமரன் மலையில் விடுமுறைக்குப் போய் அங்கே சமைப்பவர்கள் பொட்டலத்து நேரத்தை நம்ப வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைக் கண்ணால் பார்க்கலாம், சூடு குறைவு. இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகும்.

கோய்தியோவும் மீகூனும் அரிசியில் செய்தவை. அவற்றில் கோதுமையின் பசைப்புரதம் இல்லை, புரட்டப் புரட்ட உடையும். கோய்தியோவைக் கரண்டி படாமல் குலுக்கியே செய்யலாம். மீகூனை இதற்கு எடுக்க வேண்டாம் என்பேன். இருக்கிற வடிநீரையெல்லாம் குடித்துவிட்டு வறண்டு நிற்கும்.

சப்பென்று இருக்கிறது

உப்பு போட்ட வெண்ணெய்தானே, தனியாக எதற்கு உப்பு என்று நினைப்பது இயல்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். உப்பு வெண்ணெயில் இருப்பது பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு உப்பு. 50 கிராம் வெண்ணெயில் அது ஒரு கிராமை எட்டாது, எட்டினாலும் தாண்டாது. 200 கிராம் உலர்ந்த மீ வெந்ததும் அரைக் கிலோ அளவுக்கு வந்துவிடும். நாக்குக்கு உறைக்க அதற்கு நான்கைந்து கிராம் உப்பு வேண்டும். மீதி மூன்று நான்கு கிராம் எங்கிருந்து வரும்? வேகும் தண்ணீரிலிருந்துதான். மீ நீரை உறிஞ்சும்போது உப்பையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேலே தூவிய உப்பு எவ்வளவு போட்டாலும் மேலேயே நிற்கும், முதல் வாய் கரிக்கும், உள்ளே சப்பென்றே இருக்கும்.

இப்போது தட்டில் இருப்பதற்கு: இரண்டு மேசைக்கரண்டி சூடான வடிநீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து ஊற்றிப் புரட்டுங்கள். உப்பைப் பொடியாகத் தூவுவதைவிட இது சீராகப் பரவும்.

உப்பு சரியாக இருந்தும் ஏதோ குறைவதாகத் தோன்றினால் அது புளிப்பு. சில துளி எலுமிச்சைச் சாறு போதும். புதிதாகப் பொடித்த மிளகும் பெரிய வித்தியாசம் செய்யும்.

உப்புக் கரிக்கிறது

சில உலர்ந்த மீ வகைகளில் மாவிலேயே உப்பு சேர்த்திருப்பார்கள். பொட்டலத்தில் பார்த்து, இருந்தால் தண்ணீரில் உப்பைப் பாதியாக்குங்கள். வடிநீரை ஊற்றுமுன் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்துவிட்டால் உப்பில்லாமல் இன்னொரு பிடி மீயை வேகவைத்துச் சேர்ப்பதைத் தவிர நல்ல வழி இல்லை.

கசக்கிறது, கரும்புள்ளிகள் தெரிகின்றன

வெண்ணெய் கருகியிருக்கிறது, அல்லது பூண்டு கருகியிருக்கிறது. இரண்டையும் பிரித்தறியலாம். குவாலியின் அடியில் காபித்தூள் போல நுண்ணிய கருமை படிந்திருந்தால் அது வெண்ணெயின் பால்சத்து. பழுப்பு ஓரத்தோடு துண்டு துண்டாகத் தெரிந்தால் பூண்டு.

வீட்டில் நெய் உருக்கியவர்களுக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும். வெண்ணெய் உருகியதும் சடசடவென்று சத்தம் வரும்; அது நீர் ஆவியாகும் சத்தம். நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சத்தம் அடங்கி, நுரை மெல்லியதாகி, பொரிகடலை வறுப்பது போன்ற மணம் எழுந்தால் பால்சத்து சிவக்கத் தொடங்கிவிட்டது. சூடு 120 டிகிரியைத் தாண்டுகிறது. அதற்குப் பின் 150 டிகிரியை நெருங்க நெருங்கக் கருகும். பொன்னிறத்துக்கும் கருமைக்கும் இடையில் அரை நிமிடம்கூட இருக்காது. தீ பெரிதாக இருந்தால் பத்து நொடி.

ஆகவே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சத்தம் அடங்குவதற்கு முன்பே வடிநீரை ஊற்றிவிட்டால் கருக வாய்ப்பே இல்லை, நீர் சூட்டை இறக்கிவிடும். சிவந்த வெண்ணெயின் மணம் பிடித்தவர்கள், முதல் துண்டு வெண்ணெயை மட்டும் சிவக்கவிட்டு, மணம் வந்த நொடியில் வடிநீர் ஊற்றலாம். மீதி வெண்ணெய் எப்போதும்போல் கடைசியில் குளிர்ச்சியாக.

கறிவேப்பிலையைக் கழுவி ஈரத்தோடு போடுவதாலும் தொல்லை வரும். வெண்ணெய் தெறிக்கும், பயந்து தீயைக் குறைப்போம், பூண்டு வதங்காமல் வெந்துபோகும். துணியில் ஒற்றியெடுத்துப் போடுங்கள். முதலில் கறிவேப்பிலை, அது மொறுமொறுவென்று ஆனதும் பூண்டு, கடைசியில் கீறிய சில்லி பாடி. மூன்றுக்கும் சேர்த்து ஒன்றரை நிமிடம் தாண்டாது.

கருகிவிட்டால் அந்த வெண்ணெயைக் கொட்டிவிட்டு, குவாலியைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். ஒரு துண்டு வெண்ணெய்தான் போயிருக்கும். கசப்பை மூட மிளகையோ கிச்சாப்பையோ கூட்டினால் மொத்த மீயும் போய்விடும்.

வெண்ணெய் மணமே வரவில்லை

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பேரங்காடியில் ஒரே அடுக்கில், ஒரே மாதிரி மஞ்சள் தாளில், வெண்ணெயும் மார்ஜரினும் இரண்டும் கலந்த பூச்சுகளும் அடுத்தடுத்து இருக்கும். வெண்ணெய் என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 80 விழுக்காடு பால்கொழுப்பு இருக்க வேண்டும் என்பதே பன்னாட்டு உணவுத் தர நெறி. சேர்பொருள் பட்டியலில் பாமாயில் என்றோ தாவரக் கொழுப்பு என்றோ இருந்தால் அது கலவை. விலை குறைவு என்பதால் பலர் அதை வாங்குகிறார்கள், பணியாரங்களுக்கு அது குறையாகத் தெரியாது. வெண்ணெயின் மணத்தையே நம்பியிருக்கும் இந்த உணவுக்கு மட்டும் உண்மையான வெண்ணெய் வேண்டும். 50 கிராம்தான் செலவாகிறது.

வெண்ணெய் நல்லதாக இருந்தும் மணம் வரவில்லையென்றால், எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே போட்டுக் காய்ச்சிவிட்டீர்கள். வெண்ணெயின் இளமணம் சூட்டில் நிற்காது. கடைசியில் சேர்ப்பது அதற்காகவும்தான்.

குளிர்பெட்டியில் மீனுக்கும் பெலாச்சான் என்னும் இறால் விழுதுக்கும் பக்கத்தில் திறந்து வைத்த வெண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கொழுப்பு மணத்தை இழுத்துக்கொள்ளும். மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

இனிக்கிறது

வெண்ணெய் இறால் செய்வது போல டின் பால் சேர்த்துச் செய்பவர்கள் உண்டு. கறிவேப்பிலை, சில்லி பாடி, வெண்ணெய், டின் பால் என்ற அந்தச் சேர்க்கை மீக்கும் நன்றாகவே பொருந்தும். அதற்கு வேண்டியது இனிப்பில்லாத எவாபரேட்டட் பால். தே தாரேக் தேநீருக்கு ஊற்றும் இனிப்பான கெட்டிப் பால் அல்ல. இரண்டும் ஒரே அளவு டின்னில் வருவதால் கை மாறிவிடுகிறது. மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதை ஊற்றும்போது வடிநீரைப் பாதியாகக் குறையுங்கள்.

மேசைக்குப் போனதும் இறுகிவிடுகிறது

குளிர்சாதன அறையில் சாப்பிடுபவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். 22 டிகிரிக் காற்றில் தட்டில் பரப்பிய மெல்லிய வெண்ணெய்ப் பூச்சு சீக்கிரம் உறையும், மீ கூடவே இறுகும். தட்டை வெந்நீரில் நனைத்துத் துடைத்துச் சூடாக்கிவிட்டுப் பரிமாறுங்கள். குவாலியிலிருந்து எடுக்கும்போது, வேண்டிய அளவைவிடச் சற்றே தளர்வாக எடுங்கள். அடுப்படியில் சரியாக இருப்பது மேசையில் கெட்டியாக இருக்கும்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குச் செய்யும்போது இந்தக் குறை பெரிதாகும். முப்பது பேருக்கு ஒன்றரைக் கிலோ மீயை ஒரே அண்டாவில் வேகவைக்க முயல வேண்டாம். அரைக் கிலோவாக மூன்று தடவை, நான்கு லிட்டர் நீரில், அதே நீரை மறுபடி பயன்படுத்தி வேகவையுங்கள். இரண்டாம், மூன்றாம் தடவையில் நீரில் மாவுச்சத்து ஏறியிருக்கும். அந்த வடிநீரே பூச்சுக்கு மிகச் சிறந்தது. ஆவியாகி உப்பு கூடும் என்பதால் இடையில் உப்பில்லாத வெந்நீர் சேருங்கள். முடிவில் ஒரு லிட்டர் வடிநீரைச் சுடுநீர் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். தட்டத்தில் மீயைப் பரப்பி மூடி, கீழே வெந்நீர்ப் பாத்திரம் வைத்துச் சூடு ஆறாமல் காத்து, இறுகுவது தெரியும்போதெல்லாம் பிளாஸ்க்கிலிருந்து ஒரு கரண்டி ஊற்றிப் புரட்டினால் கடைசி விருந்தினருக்கும் முதலில் வந்தவருக்குக் கிடைத்த அதே மீ கிடைக்கும். சைவம் சாப்பிடும் விருந்தினர் இருந்தால் முட்டை சேராத ஸ்பெகத்தியில் தனியாக ஒரு தட்டம் செய்யுங்கள். செய்முறையில் எந்த மாற்றமும் இல்லை.

பக்கத்துக் கறியோடு சேரவில்லை

மீயில் குறையில்லாமலும் இருக்கலாம். தேங்காய்ப்பால் ஊற்றிய குருமாவுக்குப் பக்கத்தில் முழு அளவு வெண்ணெய் திகட்டும். பாதியாகக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டுங்கள். வறுவல், பிரட்டல், பொரித்த மீன் போன்ற வறண்ட கறிகளுக்கு முழு அளவே சரி. நெத்திலி சம்பலுக்குப் பக்கத்தில் வைப்பதென்றால் மீயில் சில்லி பாடி வேண்டாம், பூண்டும் ஒரு பல் போதும். காரமும் உப்பும் அந்தப் பக்கம் போதுமான அளவு இருக்கின்றன. சீஸ் தூவ விரும்பினால் தீயை அணைத்த பிறகு தூவுங்கள். கொதிக்கும்போது போட்டால் நூலாகத் திரண்டுவிடும்.

மிஞ்சியது மறுநாள் கல்லாகிவிட்டது

வெந்த மாவுச்சத்து குளிரும்போது மறுபடி இறுகுவது இயல்பு. அதில் தவறொன்றும் இல்லை. சட்டியில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரைக் கொதிக்கவைத்து, மீயைப் போட்டு, மூடி, சிறு தீயில் இரண்டு நிமிடம் விட்டு, தீயை அணைத்துவிட்டு ஒரு சிறு துண்டு வெண்ணெய் சேர்த்துப் புரட்டுங்கள். மைக்ரோவேவில் என்றால் தண்ணீர் தெளித்து மூடி, பாதி வேகத்தில் சூடாக்குங்கள். முழு வேகத்தில் வெண்ணெய் பிரிந்துவிடும், ஓரம் கடினமாகும்.

எதை எடுத்து வைக்கலாம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சோறு, மீ போன்ற மாவுச்சத்து உணவுகளில் பசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரி வளரும். அது விடும் நஞ்சுகளில் ஒன்று சூட்டுக்கு அழியாதது. மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. நம் ஊர் வெப்பம் அதற்கு மிகவும் பிடித்த வெப்பம். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த மீயைப் பெட்டிக்குள் வைக்காமல் கொட்டிவிடுங்கள். வைப்பதென்றால் ஆழமில்லாத டப்பாவில் பரப்பி, ஆவி அடங்கியதும் உடனே குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளி உணவுக்குக் கொடுப்பதானால் காலையில் நன்றாகச் சூடாக்கி, வெந்நீர் ஊற்றிக் காயவைத்த சூடு காக்கும் டப்பாவில் அடைத்துக் கொடுங்கள். வெதுவெதுப்பாக அடைத்துக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.